ஐதர் ஆர் சர்வைவர் வீட்டுக்கும் செல்லுமா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம். போன வாரம் உங்க பேப்பர்ல பேங்க் நாமினி பத்தி வந்த கேள்வி பதில் படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா ஜாயிண்ட் அக்கவுண்ட்ல ஒருத்தர் போயிட்டா பேங்க் பணத்தை மிஞ்சுறவர் கையில குடுக்குற மாதிரி, சேர்ந்து வாங்குன வீடும் மிஞ்சுறவருக்கேன்னு ஒருத்தர் நினைச்சுக்கிட்டதால எங்க விஷயம் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு, அதான் எழுதுறேன்.

எங்க நைனாவும் அவர்கூட ஹார்பர்ல வேலை பாத்த ஃப்ரெண்டும் 1996ல ஏலகிரில அத்தனாவூர் பக்கம் ஒரு சின்ன வீடு வாங்குனாங்க, ஆளுக்குப் பாதி காசு. ஒரு ரூம், ஒரு திண்ணை, பின்னாடி ரெண்டு பலாமரம், அவ்ளோதான், அதுக்கே நாங்க காட்டேஜ்னு சொல்லிக்குவோம். மே மாசம் தண்டையார்பேட்டை வெயிலுக்குத் தப்பிச்சு ஜோலார்பேட்டைல இறங்கி பஸ்ல 14 கொண்டை ஊசி வளைவும் சுத்தி நான் வாந்தி எடுத்துக்கிட்டே மேல போவேன். ரெண்டு குடும்பத்துக்கும் ஆளுக்கொரு சாவி.

நைனா ரெண்டு வருஷம் முன்னாடி தவறிட்டாரு. மூணு மாசம் கழிச்சுப் போனா பூட்டு மாறியிருக்கு. மாமாகிட்ட (நைனாவோட அந்த ஃப்ரெண்டை அப்படித்தான் கூப்புடுவோம்) கேட்டா, "ரெண்டு பேர்ல யார் மிஞ்சுறாங்களோ அவங்களுக்குத்தாம்பா, நானும் உங்க நைனாவும் அப்படித்தான் பேசிக்கினோம்"ங்கிறாரு. வரி, கரண்ட் பில்லுக்குன்னு ரெண்டு பேரும் ஒரு ஜாயிண்ட் அக்கவுண்ட் வச்சிருந்தாங்க, ஐதர் ஆர் சர்வைவர், அதாவது ரெண்டு பேர்ல யார் வேணா பணம் எடுக்கலாம், ஒருத்தர் போயிட்டா மிஞ்சுறவர் எடுக்கலாம், நைனா போனதும் பேங்க்ல மீதிப் பணத்தை மாமா கையிலயே குடுத்துட்டாங்க, அந்த தைரியத்துல வீடும் அப்படித்தான்னு நினைச்சுட்டாரு. அந்தப் பணம்கூட பேங்குக்குத் தலைவலி இல்லாம இருக்க செஞ்ச ஏற்பாடுதானாம், அதுல வாரிசுங்க உரிமை போயிடாதுன்னு வக்கீல் சொன்னாரு.

வீடு நிலம்னா கதையே வேற. 1882 சொத்து மாற்றுச் சட்டத்துல 45வது பிரிவு இருக்கு, சேர்ந்து வாங்குனா யார் எவ்ளோ போட்டாங்களோ அவ்ளோ பங்கு, கணக்கு தெரியலன்னா சரிசமம். மிஞ்சுறவருக்கே மொத்தமும்னா அதை பத்திரத்துல தெளிவா எழுதியிருக்கணும், இல்லாட்டி உயில் இருக்கணும். ரெண்டும் இல்ல. அப்ப நைனாவோட பாதி இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நான் மூணு பேருக்கும் சமம் (நைனாவோட அம்மா, எங்க ஆயா, முன்னாடியே போயிட்டாங்க), ஆளுக்கு ஆறுல ஒண்ணு. கூட்டுக் குடும்பச் சொத்துல ஒரு காலத்துல இந்த மிஞ்சுறவருக்குப் போற முறை இருந்துச்சு, 2005 திருத்தத்துல அதையும் எடுத்துட்டாங்க.

பத்திரத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் படிச்சேன் சார், "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது"ன்னு இருக்கு. புத்திரன்னா புள்ளைதானே மாமான்னு காட்டுனேன். அது எல்லா பத்திரத்துலயும் எழுதுறதுடான்னாரு, அது என்னமோ உண்மைதான். ஆனா பேச்சுவாக்குல அவரே இன்னொண்ணும் சொன்னாரு, அன்னிக்கு பத்திரம் எழுதுனவரு "ஒருத்தர் இல்லன்னா என்னன்னு சேத்து எழுதட்டுமா"ன்னு கேட்டாராம், நல்ல நாள் அதுவுமா சாவுப் பேச்சு எதுக்குய்யான்னு ரெண்டு பேரும் சேந்து அவர் வாயை அடைச்சுட்டாங்களாம். அப்புறம் எப்பதான் மாமா பேசிக்கினீங்கன்னு கேட்டா பதில் இல்ல.

இப்ப பாகப்பிரிவினை கேஸ். சொத்து எங்க இருக்கோ அங்கதான் போடணுமாம், அதனால தண்டையார்பேட்டைல ரெண்டு தெரு தள்ளித் தள்ளி குடியிருக்குற நாங்க சண்டை போட திருப்பத்தூர் போறோம். ஒரே ரூமை எப்படி ரெண்டாக்குறது, 1893 பார்ட்டிஷன் ஆக்ட்படி பிரிக்க முடியாத சொத்தை வித்துப் பங்கு போடலாம், இல்ல கோர்ட்டு வைக்கிற விலைக்கு ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் வாங்கிக்கலாம். எங்ககிட்ட அந்தக் காசு இல்ல, மாமாகிட்டயும் இருக்காது.

பத்திரம் எழுதப் போறவங்களுக்காக இந்த ஒரு கேள்வியை, ஒருத்தர் போயிட்டா யாருக்குங்கறதை, உங்க பேப்பர்ல ஒரு வாரம் பெருசாப் போடுங்க சார். போன வாய்தாவுக்குப் போறப்ப மாமாவும் அதே ரயில்ல, அதே பொட்டில. அம்மா புளி சாதம் அவருக்கும் சேத்து ஒரு பொட்டலம் கட்டிக் குடுத்துவுட்டாங்க. நான்தான் குடுக்கல.

ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை