குளம் கசிகிறதா, வெயில் குடிக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 30 வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறவன். போன மாதம் மாதவரத்தில் ஒரு வீட்டு நீச்சல் குளம் பார்க்கப் போனேன். தண்ணீர் தினமும் இறங்குகிறது, டைல்ஸ் முழுவதையும் பெயர்க்க வேண்டும் என்று முன்பு வந்தவர் சொல்லியிருந்தாராம். நான் கேட்டது ஒரு பக்கெட் மட்டும். அதில் தண்ணீர் நிரப்பிக் குளத்துப் படியில் வைத்து, உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு போட்டேன். மறுநாள் பக்கெட்டில் அரை சென்டிமீட்டர் குறைந்திருந்தது, குளத்தில் இரண்டு. சரி, வெயில் மட்டும் காரணமில்லை. மோட்டாரை நிறுத்தி வைத்தும் அதே அளவு இறங்கியதால் குழாய் மேல் சந்தேகம் குறைந்தது. அப்புறம் கரண்டை அணைத்துவிட்டு, குளத்துச் சுவரில் இருக்கும் விளக்கின் ஓரமாகக் கொஞ்சம் நீலச் சாயம் விட்டேன். நூல் மாதிரி இடுக்குக்குள் போனது! கசிவு அங்கேதான்.

டைல்ஸைத் தட்டிப் பார்த்ததில் 11 மட்டும் பொள்ளல் சத்தம், அதாவது அடியில் சரியாக ஒட்டவில்லை. அவற்றை மட்டும் மாற்றி, இடுக்குகளுக்கு வெள்ளை சிமென்ட் வேண்டாம் என்று எபாக்ஸி (தண்ணீர் எளிதில் புகாத பிசின் கலவை) போட்டோம்.

இன்னொன்று. வடசென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். அப்போது குளத்தைக் காலி செய்தால் அடியிலிருந்து நீர் தள்ளி, தரை விரிசல் விடும், தொட்டியே தூக்கிக்கொள்ளவும் கூடும். பங்குனியில் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டைல்ஸ் மேஸ்திரி,
திருவொற்றியூர்.