எந்தப் பக்கத்தில் மூடினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர், அவலத்தை நேரிற் கண்ட எமக்கு இந்த விபரீத நாவல்கள் எதற்கு என்று கேட்டிருந்தார். அப்படி ஒன்றைப் பாதியில் மூடி வைத்ததாகவும் எழுதியிருந்தார். மூடியதில் எனக்குக் குறை இல்லை, நானும் மூடியவள்தான். ஆனால் அதைப் பற்றி ஒருவரோடும் பேசிப் பார்க்காமல், பிறரும் திறக்க வேண்டாம் என்று அவர் தீர்ப்புச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவின் 'உருமாற்றம்' 1915இல் வெளிவந்த கதை. நான் அதை முதலில் வாசித்தது 1994இல், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம் அது. முன்னறையில் என் தகப்பனார் பாரிசவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். கதையில் ஓர் இளைஞன் காலையில் பூச்சியாகிக் கண்விழிக்கிறான். அது என்னைப் பயமுறுத்தவில்லை. தொடக்கத்தில் அத்தனை அக்கறையாகப் பார்த்துக்கொண்ட அவனுடைய தங்கை, பிற்பாடு வேலைக்கு ஓடும் அவசரத்தில் சாப்பாட்டைக் காலால் அறைக்குள் தள்ளிவிட்டுப் போகிறாள். அந்த வரியில் புத்தகத்தை மூடினேன். அன்று காலை நான் ஐயாவின் முகத்தைப் பார்க்காமலே கஞ்சிக் கோப்பையை முக்காலியில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருந்தேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய எல்லோரோடும் நாங்களும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். புத்தகம் வீட்டோடு போயிற்று. ஐயா சாவகச்சேரியில் காலமானார். அந்த வரியை மட்டும் ஒருவருக்கும் சொல்லாமல் பல ஆண்டுகள் வைத்திருந்தேன்.

2018 முதல் போயா (பௌர்ணமி) விடுமுறை நாட்களில் எட்டுப் பேர் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் கூடுகிறோம். ஓய்வுபெற்ற தாதி ஒருவர், வங்கியில் வேலை செய்பவர், பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், இன்னும் சிலர். விசித்திரமான, மனத்தைக் குழப்புகிற நாவல்களையே பெரும்பாலும் எடுக்கிறோம். எங்களிடம் ஒரேயொரு ஒழுங்கு உண்டு. 'இதன் பொருள் என்ன' என்று யாரும் தொடங்கக் கூடாது. எந்தப் பக்கத்தில் மூடினீர்கள், ஏன் மூடினீர்கள், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

காஃப்காவை எடுத்த அன்று நான் அந்த வரியைச் சொன்னேன். ஐயாவைப் பற்றியும் சொன்னேன். மாணவி ஒருத்தி தங்கையின் மேல் கோபமாக இருந்தாள். அப்போது தாதி அம்மா சொன்னார்: "அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள். முதல் நாள் பாலில் பாண் துண்டுகளை ஊறவைத்துக் கொண்டுபோய் வைத்தவள் அவள்தானே? வீட்டில் வேறு யார் அந்த அறைக்குள் போனார்கள்? வார்ட்டில் முப்பது வருடம் பார்த்திருக்கிறேன். கவனித்தவர்கள்தான் களைத்துப்போவார்கள்." இருபத்து நான்கு வருடங்களாக அந்த வரியைத் தனியே வைத்திருந்த எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. யாரிடமும் நான் கேட்காததுதான் காரணம். அன்று இரவே மீதியையும் வாசித்து முடித்தேன். தகப்பன் எறிந்த அப்பிள் முதுகில் புதைந்து அழுகும் இடத்தைத் தாண்ட இன்றும் எனக்குக் கடினமாகத்தான் இருக்கிறது.

பொருள் சொல்ல அவசரப்படக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எம் ஊரில் எந்தக் கதையைத் தந்தாலும் ஐந்தாம் நிமிடத்தில் அது எங்கள் யுத்தத்தின் குறியீடு ஆகிவிடுகிறது. அப்படிச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது, எல்லோரும் தலையாட்டுகிறோம். பூச்சி முதலில் பூச்சியாக இருக்கட்டும். அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே வேண்டாம், தூரத்தில் தெரிவதாகக்கூட வேண்டாம் என்று காஃப்கா பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டுக்கொண்டார். அது கரப்பானா வண்டா என்று நாங்கள் அரைமணி நேரம் வாதாடினோம். பூச்சியாகிக் கிடப்பவன் முதலில் கவலைப்படுவது தவறவிட்ட ஐந்து மணி ரயிலைப் பற்றி என்பதை வங்கி நண்பர் எடுத்துக் காட்டினார். காய்ச்சலோடு தான் வேலைக்குப் போன நாட்களை அதன்பிறகு அவர் எண்ணத் தொடங்கிவிட்டார்.

யுத்தம் பேச்சில் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மெக்சிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோவின் 'பெத்ரோ பராமோ' (1955) மிகச் சிறிய நாவல். இறந்த தாயின் சொற்படி தகப்பனைத் தேடி ஒரு மகன் கோமாலா என்ற ஊருக்குப் போகிறான். தாய் சொன்ன ஊர் பச்சைப்பசேல் என்று இருந்தது. அவன் கண்ட ஊரில் இறந்தவர்களின் முணுமுணுப்பு மட்டுமே இருக்கிறது. யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்று புரியாமல் எங்களில் ஐந்து பேர் இடையில் நிறுத்திவிட்டோம். மயிலிட்டியைச் சேர்ந்த உறுப்பினர் மட்டும் ஒரே இரவில் வாசித்து முடித்திருந்தார். 1990 ஜூனில், யுத்தத்தால், ஒன்பது வயதில் ஊரை விட்டு வெளியேறியவர். இராணுவம் வைத்திருந்த காணி 2017இல் விடப்பட்டபோதுதான் மறுபடி கால் வைத்தார். முகாமில் தாயார் சொல்லிச் சொல்லி, முற்றத்து மாமரம் வரை அவருக்கு மனப்பாடம். போய்ப் பார்த்தால் பற்றைக்குள் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றதாம். "இந்தப் புத்தகத்தில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை" என்றார். பிறகு நாங்கள் ஐவரும் அவரிடம் கேட்டுக் கேட்டே அந்த நாவலை வாசித்தோம்.

2024இல் நோபல் பரிசு பெற்ற தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் 'தி வெஜிடேரியன்' நாவலில் மச்சம் (மீன், இறைச்சி) உண்ண மறுக்கும் ஒரு பெண் வருகிறாள். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் மச்சம் விடுகிற எங்களுக்கு இதில் என்ன அதிர்ச்சி என்று எண்ணித்தான் தொடங்கினோம். பெற்ற தகப்பனே அவளை அறைந்து இறைச்சியை வாயில் திணிக்கும் இடத்தில் பெண்கள் எல்லோரும் மூடியிருந்தோம். ஆண்கள் ஒருவரும் மூடவில்லை. அன்றைய பேச்சு இரவு எட்டு மணிக்கும் முடியவில்லை.

இப்படிப் பேச எங்கள் ஊரில் வேறு மேடை இல்லை. நூல் வெளியீட்டு விழாவில் ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை என்று மூன்று மணி நேரம் போகிறது. 'எனக்கு இந்தப் புத்தகம் பிடிக்கவில்லை, பயந்துவிட்டேன்' என்று சாதாரண வாசகர் எழுந்து சொல்ல அங்கே இடம் ஏது? ஆகவே ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு நாவலை முன்கூட்டியே அறிவித்து, விமர்சகர்களுக்கு அல்லாமல் வாசகர்களுக்கு அரைப் பக்கம் தாருங்கள். ஆளுக்கு நூறு சொல் போதும்.

அந்த வாசகர் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லோருக்கும் எல்லாப் புத்தகமும் உகந்ததல்ல. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவர் எங்களோடு இருக்கிறார். சில நாவல்களை அவர் தொடுவதில்லை, அந்த நாட்களில் வந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார். நாங்களும் வற்புறுத்துவதில்லை.

ஐயா, நீங்கள் பாதியில் மூடிய நாவல் எது என்று கடிதத்தில் எழுதவில்லை. வருகிற போயா அன்று பின்னேரம் நான்கு மணிக்கு எங்கள் விறாந்தையில் ஒரு கதிரை உங்களுக்காக இருக்கும். முகவரியை ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். மீதியை வாசித்துவிட்டு வர வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தில் மூடினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கொக்குவில்.