முதலில் பெற்றோல், பிறகு பிஸ்டன்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று வாசித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது. அதனால் வீட்டில் டிவிக்குத் தடை, எனக்கும் சேர்த்துத்தான்.

சரி, நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்துக்கு நீ தயார் செய்யும் எஞ்சின் விஷயம். 12.5க்கு 1 கொம்ப்ரஷனில் (சிலிண்டருக்குள் கலவை 12.5 மடங்கு அமுக்கப்படும்படி) பிஸ்டன் போடப் போகிறேன், எந்தப் பெற்றோல் ஊற்றலாம் என்று கேட்டிருக்கிறாய். எந்தப் பெற்றோல் தவறாமல் கிடைக்கும் என்பதை முதலில் முடிவு செய், பிஸ்டனை அதற்கேற்றபடி வாங்கு. பெற்றோல் ஷெட்டில் நமக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒக்டேன் 92, இல்லாவிட்டால் 95. 2022இல் அதற்கே நாள்கணக்கில் வரிசையில் கிடந்தோமே!

ஒக்டேன் கூடினால் பலம் கூடும் என்று பொடியன்கள் சொல்வதை நம்பாதே. தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பலம் வருவது கொம்ப்ரஷனாலும், பிளக் பொறி விடும் நேரமான டைமிங்காலும். ரொறன்ரோவில் உன் அத்தான் 91தானே ஊற்றுகிறார் என்று எழுதியிருந்தாய். அங்கே பம்பில் போடுவது இரண்டு விதமாக அளந்த எண்களின் சராசரி; நமது எண் அவற்றில் ஒன்றான ரிசர்ச் முறையில் மட்டும் அளந்தது. அவருடைய 91 ஏறக்குறைய நம்முடைய 95தான்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஒக்டேன் பூஸ்டர் போத்தல் விற்கிறார்கள். "பத்துப் பொயின்ற் ஏறும்" என்பார்கள். ஒரு பொயின்ற் என்பது 0.1. ஆக, 95 என்பது 96 ஆகும், அவ்வளவுதான். விமானப் பெற்றோலும் வேண்டாம்; அதில் ஈயம் இருக்கிறது, புகைக்குழாயில் உள்ள ஒக்சிஜன் சென்சரைக் கெடுத்துவிடும்.

பெற்றோலுக்குப் பதிலாக மெதனோல் என்ற அற்ககோலை ஊற்றும் ஆசை உனக்கு இருப்பது தெரியும். ஆவியாகும்போது நிறைய வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் உள்ளே போகும் காற்று குளிரும், உன் 12.5 அதற்குப் பெரிய விஷயமே இல்லை. ஆனால் ஒரு கிலோ பெற்றோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், மெதனோலுக்கு 6.4 போதும். அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கும் மேலே ஊற்ற வேண்டும். பம்ப், இன்ஜெக்டர் எல்லாமே மாறும். அலுமினியத்தை அரிக்கும், காற்றிலுள்ள ஈரத்தையும் குடிக்கும். பகலில் அதன் சுவாலை கண்ணுக்கே தெரியாது. மஹகஸ்தொட்ட மலைப்பாதையில் அப்படியொரு தீயோடு விளையாட வேண்டாம்.

அந்த மலையிலேயே உனக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம்; காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத உன் எஞ்சினில் நொக்கிங் (கலவை தானாகப் பற்றித் தட்டும் சத்தம்) தணியும், கூடவே பலமும் இறங்கும். இங்கே கடல் மட்டத்து வெக்கையில் தட்டுகிற எஞ்சின் அங்கே சத்தமில்லாமல் ஓடலாம். அதை நம்பி கொழும்பில் முழு த்ரொட்டில் கொடுத்துப் பார்க்காதே.

என்னைக் கேட்டால், 95ஐ வைத்துக்கொண்டு கொம்ப்ரஷனை 11 பக்கமாக நிறுத்து. ஓட்டிய சூட்டோடு எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை உருப்பெருக்கியால் பார். மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளி தெரிந்தால் டைமிங்கைப் பின்னுக்கு எடு. மினுங்கும் அலுமினியத் துணுக்கு ஒட்டியிருந்தால் பிஸ்டன் கரையத் தொடங்கிவிட்டது, உடனே கழற்று.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம், இன்டேக் வால்வைத் தாமதமாக மூடும் வகை என்றால் கொம்ப்ரஷனை இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். அதனால் கேம் விவரத்தையும் சிலிண்டர் ஹெட்டில் கலவை எரியும் சேம்பரின் அளவையும் எழுது. அதுவரை பிஸ்டன்காரனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
ஜெயா