எங்கள் பக்கத்தை ஏன் சேர்க்கவில்லை என்று சொல்லுங்கள்

தேடுபொறி நிறுவனங்களில், தேடலில் காட்டுவதற்காக இணையப் பக்கங்களை அட்டவணையில் சேர்க்கும் பணியைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். காவிரிப் படுகையின் நெல் சாகுபடி பற்றி அறுபது சொச்சம் பக்கங்கள் கொண்ட சிறு தமிழ்த் தளம் ஒன்றை நடத்திவருகிறேன். சென்ற கார்த்திகை முதல் வாரத்தில் எங்கள் பகுதிச் சம்பா வயல்களில் புகையான் விழுந்தது. பயிரின் தூரில் கூட்டமாக அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் அந்தப் பூச்சியால் வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்துபோகும் என்பதால், நீரை வடித்துவிட வேண்டும், யூரியாவை நிறுத்த வேண்டும், செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் தெளித்தால் பூச்சி முன்னைவிடப் பெருகும் என்றெல்லாம் விளக்கி அன்றிரவே ஒரு பக்கத்தை எழுதி ஏற்றினேன். தளத்திலுள்ள பக்க முகவரிகளைத் தேடுபொறிகளுக்குப் பட்டியலிட்டுக் காட்டும் சைட்மேப் கோப்பில் சேர்த்தேன், தளம் நடத்துவோருக்காக வைக்கப்பட்டிருக்கும் கருவியிலும் முகவரியைக் கொடுத்து விண்ணப்பித்தேன். முகவரி தெரியும், தற்போது அட்டவணையில் இல்லை என்று பதில் வந்தது. மார்கழி முழுவதும் அதே பதில்தான். பக்கம் தேடலில் தென்பட்டபோது மாசி பிறந்திருந்தது. வயல்களில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து ஊர் விவசாயி ஒருவர், "செல்லுல தேடிப் பாத்தேன் சார், ஒண்ணும் சரியா வரல. கடையில குடுத்ததை அடிச்சேன்" என்றார். மருந்தின் பெயரைக் கேட்டேன். தெளிக்கவே கூடாது என்று நான் எழுதியிருந்த வகை அது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு பக்கத்தை ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்பதை இத்தனை நாளுக்குள் என்ற வரையறையோடு சொல்லுங்கள். இயந்திரங்கள் எழுதிக் குவிக்கும் குப்பையிலிருந்து நல்லதைப் பிரித்தெடுப்பது எளிதல்ல என்பதை அறிவேன். சைட்மேப் மாறியதை யாரும் தெரிவிக்கலாம் என்றிருந்த பழைய வழியை உங்களுள் பெரியவர்கள் 2022, 2023 ஆண்டுகளில் மூடியதற்கும் அதன் வழியே வந்து குவிந்த குப்பை ஒரு காரணம். ஆனால் ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரிகள் வரை ஏற்பதாக விதி வகுத்த உங்களுக்கு, எங்கள் அறுபது பக்கங்களுக்கு ஒரு வரிக் காரணம் எழுதுவது பெருஞ்சுமையாக இருக்க முடியாது.

2021இல் பிங், யாண்டெக்ஸ் ஆகிய தேடுபொறிகள் இண்டெக்ஸ்நவ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. புதிய பக்கத்தைப் பற்றி ஒரு தேடுபொறிக்குத் தெரிவித்தால், அந்த ஏற்பாட்டில் இணைந்த மற்றவற்றுக்கும் செய்தி போய்விடும். அப்படித் தெரிவிப்பதாலேயே பக்கம் சேர்க்கப்பட்டுவிடாது என்றாலும், கதவைத் தட்டவாவது அது வழிசெய்கிறது. எல்லாத் தேடுபொறிகளும் இன்னும் அதில் சேரவில்லை. வேலைவாய்ப்பு அறிவிப்புகளுக்கும் நேரலை ஒளிபரப்புகளுக்கும் மட்டும் தனி வாயில் திறந்து வைத்திருப்பவரும் உங்களுள் உண்டு. நாள் கடந்தால் அவை பயனற்றுப் போகும் என்பது காரணமானால், பூச்சி எச்சரிக்கைக்கும் வெள்ள அறிவிப்புக்கும் அதே காரணம் பொருந்தாதா? நேரலையைத் தவறவிட்டவர் பிறகு பதிவைப் பார்த்துக்கொள்ளலாம். பயிரைத் தவறவிட்டவர் அடுத்த பட்டம்வரை காத்திருக்க வேண்டும். ஏன் என்ற கேள்விக்கு விடையில்லாமல் மூன்று மாதம் காத்திருந்தவனாக இதைச் சற்றுக் கடுமையாகவே கேட்கிறேன், பொறுத்தருள்க.

வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால் குறுவை தொடங்கிவிடும். அதற்கான பக்கங்களை மே மாதத்தில் ஏற்றவிருக்கிறேன். அவற்றுள் எதையேனும் உங்களால் சேர்க்க முடியாமற்போனால், அதன் காரணத்தை நாற்றுவிடும் காலத்துக்குள் எனக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்