நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் பெரியோர்களுக்கு

மாண்புமிகு தலைமை நீதிபதி அவர்களுக்கும், தென்னாப்பிரிக்க நீதித்துறைப் பணி ஆணையத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து வணக்கம்.

2024 ஜூலையில் உங்கள் மேசைக்கு நாடாளுமன்றம் யாரை அனுப்பிவைத்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் நீதிபதி பதவிக்கே தகுதியற்றவர் என்று நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய சபை வாக்களித்து நீக்கிய ஜான் ஹ்லோபேயை, தேர்தல் முடிந்து வந்த புதிய சபை, நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு அனுப்பியது. பாலுக்குக் காவல் பூனை. அவர் பல ஆண்டுகள் தலைமை தாங்கிய மேற்குக் கேப் உயர்நீதிமன்றம்தான் செப்டம்பரில் அதற்குத் தடை போட வேண்டியிருந்தது. அந்தக் கூத்து ஒருவழியாக ஓய்ந்துவிட்டது. எங்களுக்கு வந்த சந்தேகம் மட்டும் ஓயவில்லை.

அவர் மீது அரசியலமைப்பு நீதிமன்ற நீதிபதிகள் புகார் கொடுத்தது 2008இல். நீக்கம் 2024இல். இடையில் 16 ஆண்டுகள். நீதிபதி மொட்டாட்டா குடித்துவிட்டு ஒரு வீட்டு மதில்மேல் காரை மோதியது 2007 ஜனவரியில். அவரும் நீக்கப்பட்டது 2024இல்தான். ஒருவரை உட்கார வைக்க உங்களுக்கு ஒரு மணி நேர நேர்முகம் போதும். தவறான ஆளாக இருந்தால் எழுப்புவதற்கு விசாரணை, மேல்முறையீடு, கடைசியில் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. ஆகவேதான் வாசலிலேயே நின்று சரியாகப் பாருங்கள் என்று கேட்கிறேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. உயர்நீதிமன்றத்துக்கு ஒருவரைப் பரிந்துரைக்கும் முன், அவர் மேல் உள்ள புகார்களையும், தற்காலிக நீதிபதியாக இருந்த காலத்தில் அவர் சொல்லாமல் வைத்திருக்கும் தீர்ப்புகளின் பட்டியலையும் பொதுமக்கள் பார்க்க வெளியிடுங்கள். தேர்ந்தெடுத்த பிறகு, ஏன் இவர் என்று ஒரு பக்கமாவது எழுதி வெளியிடுங்கள்.

தீர்ப்புப் பட்டியலை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்கலாம். என் மாமி ஒருவர். கணவர் இறந்த பிறகு, வீட்டில் பங்கு கேட்டுக் கணவருடைய அண்ணன் மகன்கள் உயர்நீதிமன்றம் போனார்கள். எந்த நீதிமன்றம், எந்த நீதிபதி என்று எழுதப் போவதில்லை. இருந்தவர் தற்காலிக நீதிபதி. விசாரணை முடிந்தது, தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. மூன்று மாதத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது நீதித்துறையே வகுத்த நெறி. மூன்று மாதம் போனது, தீபாவளி போனது, காவடி போனது, மறுபடியும் தீபாவளி வந்தது. தீர்ப்பு வரவில்லை.

மாமியின் தண்ணீர், மின்சாரக் கணக்கு இன்னும் இறந்தவர் பெயரில்தான் இருக்கிறது. பத்திரம் மாமி பெயருக்கு மாறாமல் கணக்கும் மாறாது. பில்லில் ஒரு தவறு வந்தால், இறப்புச் சான்றிதழையும் கல்யாணச் சான்றிதழையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறார். "கணக்குக்காரரை வரச் சொல்லுங்கள்" என்கிறாள் ஜன்னலில் இருக்கும் பெண். அவரை எங்கிருந்து வரச் சொல்வது? கூரை ஒழுகுகிறது. வழக்கு முடியாத வீட்டுக்குக் கடன் தரமாட்டோம் என்கிறது வங்கி. நீதிபதிக்கு ஒரு நினைவூட்டல் கடிதம் போடலாமே என்று வழக்கறிஞரைக் கேட்டோம். அவர் தயங்கினார். "அவருக்குக் கோபம் வந்தால்?" என்றார். படித்த வழக்கறிஞருக்கே அந்தப் பயம் என்றால், எழுபது வயதுக் கிழவி என்ன செய்வாள்?

அந்தத் தற்காலிக நீதிபதி நாளைக்கு நிரந்தரப் பதவிக்கு உங்கள் முன் வந்து உட்காரலாம். அப்போது எங்கள் வழக்கு ஒரு படிவத்தில் ஒரு வரியாக இருக்கும். நிலுவைத் தீர்ப்புகளைப் பற்றி நீங்கள் கேட்பதில்லை என்று சொல்லவில்லை. கேட்கிறீர்கள், நானும் நேரலையில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வரி மாமியின் கண்ணில் படுவதில்லை. பார்த்தால்தானே "இது பொய், என் வழக்கு விட்டுப்போயிருக்கிறது" என்று உங்களுக்கு எழுத முடியும்!

நேரமில்லை என்பீர்களோ? 2021 ஏப்ரலில் எங்கள் ஊர் நீதிபதி தயா பிள்ளையிடம், ஓர் அமைச்சரோடு அவருக்கு இருந்த நட்பைப் பற்றி விசாரிக்க மட்டும் எவ்வளவு நேரம் இருந்தது! அந்தச் சுற்று நேர்முகம் வழக்காகி, அக்டோபரில் முழுவதையும் திரும்ப நடத்தினீர்கள். உங்களில் 23 பேரில் 10 பேர் நாடாளுமன்றத்திலிருந்து வருகிறவர்கள். கட்சிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ள அவர்களுக்குத் தனிச் சபை இருக்கிறது, சம்பளமும் இருக்கிறது. 2022 வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராதபோதும் இவர்கள் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். அதற்காவது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கவுன்சிலரை மாற்றிக்கொள்ளலாம். நீதிபதியை மாற்ற எங்களிடம் வாக்குச்சீட்டு கிடையாது.

மன்னிக்கவும், வேறெங்கோ போய்விட்டேன்.

கறுப்பினத்தாரும் பெண்களும் நீதிபதிகளாக வர வேண்டும் என்ற விதியை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டர்பனில் ஒரு பஸ் ஓட்டுநரின் மகளான நவி பிள்ளை 1967இல் தனியாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்தார். உயர்நீதிமன்ற நீதிபதி இருக்கையில் அவர் உட்கார 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கதவு எவ்வளவு கஷ்டப்பட்டுத் திறந்தது என்று எங்களுக்குத் தெரியும். அரசியலமைப்பின் 174ஆம் பிரிவு இன, பாலின விகிதத்தையும் கேட்கிறது, அதற்கும் முன்னால் தகுதியும் பண்பும் உள்ளவராக இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. இரண்டும் ஒரே பிரிவில்தான் இருக்கின்றன.

மூடிய அறையில் நீங்கள் பேசியதையும் வழக்கு வந்தால் காட்ட வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2018இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த வழக்கைப் போட்டது ஓர் அறக்கட்டளை. அறக்கட்டளைகளிடம் வழக்குப் போடப் பணம் இருக்கிறது. எங்களிடம் இல்லை. கேட்காமலே வெளியிட்டால் யாரும் வழக்குப் போட வேண்டியதில்லை.

ஆகையால் மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். அடுத்த நேர்முகத்துக்குப் பெயர்களை அறிவிக்கும் அன்றே, ஒவ்வொரு பெயருக்கும் கீழே நிலுவைத் தீர்ப்புகளை வழக்கு எண்ணோடும் விசாரணை முடிந்த தேதியோடும் போடுங்கள். புகார்களையும் அவற்றின் நிலையையும் போடுங்கள். கருத்துச் சொல்ல மக்களுக்கு நீங்கள் கொடுக்கும் அவகாசத்துக்குள் நாங்கள் படித்து எழுதுகிறோம். மாமியின் வழக்கு எண்ணை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
சாட்ஸ்வர்த் குடிமகன் ஒருவன்