அவிழ்த்து விடுவதற்கு முன்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. பாதிக்கு மேல் ராஜாவைப் பற்றியே எழுதியிருக்கிறாய். பேத்தி பிறந்தபோதுகூட நீ இவ்வளவு நீளமாக எழுதவில்லை என்று நினைவு. படத்தைப் பார்த்தேன். எட்டு மாத நாய்க்குட்டி என்கிறாய், கன்றுக்குட்டி மாதிரி நிற்கிறான். இன்னும் வளர்வான்.

இங்கே எல்லோரும் நலம். இடுப்பு எலும்பில் அறுவை முடிந்து, அவர் இப்போது கைத்தடியோடு காலையில் நடக்க ஆரம்பித்திருக்கிறார். எது செய்தாலும் சரி, கீழே மட்டும் விழுந்துவிடக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் நானும் கூடவே போகிறேன். நான் கையைப் பிடித்துக்கொள்வது அவருக்குப் பிடிக்கவில்லை, அவர் வேகமாக நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வழியெல்லாம் இதே வழக்குத்தான்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். பூங்காவில் ராஜாவை அவிழ்த்து விட்டிருந்தாய், நடந்துகொண்டிருந்த ஒருவரிடம் அவன் ஓடிப்போய் முன்னங்காலைத் தூக்கி வைத்தான், அவர் கத்தினார். “ஒன்றும் செய்யாது, பயப்படாதீர்கள்” என்று நீ சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. நியாயம் யார் பக்கம் என்று கேட்டிருக்கிறாய். நானும் நாய் வளர்த்தவள், உனக்குத்தான் பரிந்து பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். கோபித்துக்கொள்ளாதே. நியாயம் அவர் பக்கம்தான்.

ராஜா ஒன்றும் செய்யமாட்டான் என்பது உனக்குத் தெரியும், ஏனென்றால் அவன் உன் வீட்டில் வளர்கிறான். அந்த மனிதருக்கோ அவனோடு பழக்கம் மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியில் அவர் கண்ணில் பட்டது, வாயைத் திறந்தபடி தன்னை நோக்கி ஓடிவரும் ஒரு பெரிய நாய். உனக்குப் பின்பக்கமும் ஆடுகிற வாலும் தெரிந்தன. அவருக்குப் பல் தெரிந்தது. நாயின் குணத்தைப் பற்றி நற்சான்றிதழ் தரச்சொல்லி அவர் உன்னைக் கேட்கவில்லை. இதை யார் நிறுத்தப்போகிறார்கள் என்பதுதான் அவர் கேள்வி. நீ பேசிக்கொண்டே நின்றதால், நிறுத்த யாரும் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. குரல் ஏறாமல் என்ன செய்யும்?

வால் ஆடியது என்று சாட்சி சொல்கிறாய். வால் ஆடினால் நாய் கிளர்ச்சியடைந்திருக்கிறது என்று தெரியும், அது எந்த வகைக் கிளர்ச்சி என்று தெரியாது. இத்தாலியில் 2007-இல் சிலர் இதை உட்கார்ந்து அளந்தே பார்த்தார்கள். தன்னை வளர்ப்பவரைக் கண்ட நாயின் வால் வலப்பக்கம் அதிகம் சாய்ந்து ஆடியதாம். முரட்டுத்தனமான அந்நிய நாயைக் கண்டபோது இடப்பக்கம். தூரத்திலிருந்து இதையெல்லாம் நம்மால் பிரித்தறிய முடியாது, வழியில் போகிறவரால் அறவே முடியாது. உடம்பு விறைப்பது, சட்டென்று அசையாமல் நிற்பது, வாயை மூடிக்கொண்டு உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது ஆகியவை வாலைவிட நம்பகமான அடையாளங்கள். இவற்றை நீ பழகிக்கொள். ஆனால் அந்நியர் இவற்றைப் படித்துவிட்டுத்தான் பூங்காவுக்கு வரவேண்டும் என்று எதிர்பார்க்காதே.

கடிப்பது மட்டும்தான் கேடு என்று நாய் வைத்திருக்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இவரோடு நடக்கத் தொடங்கிய பிறகு அது தவறு என்று எனக்கு இன்னும் நன்றாகவே தெரிகிறது. முப்பது கிலோ எடையுள்ள நாய், கொஞ்சவேண்டும் என்ற ஆசையோடுதான், ஓடிவந்து முழங்காலில் மோதினால் போதும். மறுபடியும் அறுவை, மறுபடியும் படுக்கை. அதன் மனசில் கள்ளம் இருந்ததா இல்லையா என்று எலும்பு விசாரிக்காது. சின்ன வயதில் கடிபட்டு, இன்றும் நாயைக் கண்டால் கைகால் நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மடியில் கைக்குழந்தையை வைத்திருக்கிற தாய் இருக்கிறாள். பார்வையில்லாத ஒருவர் தன் வழிகாட்டி நாயோடு வருகிறார் என்று வை. அந்த நாய் அப்போது வேலையில் இருக்கிறது, அதனோடு விளையாடப் போகிற நாய் அவருடைய வழியைக் கெடுக்கிறது. இன்னொரு நாயால் தாக்கப்பட்ட பிறகு பயந்துபோய், வேலைக்கே திரும்ப முடியாமல் போன வழிகாட்டி நாய்கள் உண்டு. இவர்களையெல்லாம் விடு. சேற்றுக்கால் சட்டையில் படவேண்டாம் என்று நினைக்கிறவரும் இருக்கிறார். அவர் காரணம் சொல்லவே வேண்டியதில்லை. தன்னை ஒரு விலங்கு தொடலாமா கூடாதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். அந்த அனுமதியை அவருக்குப் பதிலாக நீ கொடுக்க முடியாது.

ஒரு சின்ன நகக்கீறல் என்றாலும் அவருடைய அன்றைய நாள் போயிற்று. வெறிநாய்க்கடி நோயால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மனிதர்களுக்கு வருவதில் ஏறக்குறைய 99 சதவீதம் நாய் வழியாகத்தான். நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு பிழைப்பது மிக அரிது. ராஜாவுக்குத் தடுப்பூசி போட்டிருப்பது உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாதே. கீறலைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, மருத்துவமனையில் வரிசையில் நிற்க வேண்டும். அதனால் ஒன்று செய். தடுப்பூசிச் சான்றைக் கைப்பேசியில் படமாக வைத்துக்கொள். ஏதாவது நேர்ந்துவிட்டால் உன் பெயரையும் எண்ணையும் சான்றையும் அந்த இடத்திலேயே கொடு. நழுவிப் போகாதே.

குழந்தைகள் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஓடுகிற எதையும் துரத்துவது நாயின் இரத்தத்தில் உள்ளது. ஓட்டப்பயிற்சி செய்கிறவர், மிதிவண்டி, பந்து, குழந்தை எல்லாம் அதற்கு ஒன்றுதான். பயந்த குழந்தை கத்திக்கொண்டு ஓடும். ஓடினால் நாய்க்கு இன்னும் உற்சாகம். ஓடாமல் கையைக் கட்டிக்கொண்டு, நாயின் கண்ணைப் பார்க்காமல், தன் காலைப் பார்த்தபடி நிற்கவேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்ல பாடம்தான், என் பேரனுக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை மரம்போல நிற்கப் பழகவேண்டும், வளர்ந்த நாம் ஒரு வாரைப் பிடித்துக்கொள்ளப் பழகமாட்டோம் என்றால் அது என்ன நியாயம்?

நேற்று இதையெல்லாம் மகனிடம் பேசிக்கொண்டிருந்தேன். சட்டம் படித்தவனாயிற்றே, விடுவானா? பழைய ரோமாபுரியில் சந்தையையும் தெருக்களையும் மேற்பார்த்த அதிகாரிகள், மக்கள் நடமாடும் வழியருகே நாய், பன்றி, கரடி, சிங்கம் போன்றவற்றை வைத்திருக்கக் கூடாது என்று ஆணை போட்டிருந்தார்களாம். பொருளுக்குச் சேதம் வந்தால் இரட்டிப்பாகக் கட்டவேண்டும், மனிதருக்குக் காயம் என்றால் நீதிபதி நியாயம் என்று கருதும் தொகை. ஆறாம் நூற்றாண்டில் தொகுத்த சட்டநூலில்கூட அது இருக்கிறது என்கிறான். சிங்கத்துக்குப் பக்கத்தில் நாயையும் வைத்திருக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரிட்டனில் 1991-இல் வந்த சட்டம் இன்னும் நுட்பமானது. அங்கே நாய் கடிக்கவே வேண்டியதில்லை. அது தன்னைக் காயப்படுத்திவிடும் என்று ஒருவர் நியாயமாக அஞ்சும்படி கட்டுப்பாடின்றி இருந்தாலே, அதை வைத்திருப்பவர் மேல் குற்றம். உன்னிடம் கத்திய மனிதர் கேட்டதும் இதைத்தான், கொஞ்சம் முரட்டுக் குரலில்.

இதனால் நாயை எப்போதும் கட்டியே வைக்கவேண்டும் என்று சொல்கிறவள் அல்ல நான். ஓடாத நாய் நாயே அல்ல. வேலி போட்ட இடம் இருந்தால் அங்கே விடு. ஆள் வராத நேரத்தில், சுற்றிலும் தெளிவாகத் தெரிகிற திறந்த வெளியில் விடு. ஆனால் விடுவதற்கு முன் உன்னையே ஒன்று கேட்டுக்கொள்: இன்னொரு நாய் எதிரே ஓடும்போது நான் ஒருமுறை கூப்பிட்டால் இவன் திரும்பி வருவானா? வீட்டுக்குள் கூப்பிட்டால் வருவதெல்லாம் கணக்கில் சேராது. சமையலறையில் எல்லா நாயும் ஒழுங்குதான்.

எட்டு மாதம் என்பது வேறு மோசமான வயது. பயிற்சி எல்லாம் மறந்துவிட்டானோ என்று எழுதியிருக்கிறாய். மறக்கவில்லை. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஐந்து மாதத்தில் சொன்னபடி கேட்ட நாய்களே எட்டு மாதத்தில் தங்களை வளர்ப்பவரின் சொல்லை அலட்சியம் செய்தன. வேடிக்கை என்னவென்றால், அந்நியர் சொன்னால் கேட்டன! வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றவள் நீ, உனக்கு விளக்க வேண்டியதில்லை. இது கடந்துபோகும். கடக்கிறவரை அவனை முழுசாக அவிழ்த்து விடாதே.

கூப்பிடுவதற்கு என்று ஒரே ஒரு சொல் வைத்துக்கொள். அதை ஒருமுறைதான் சொல்லவேண்டும். பத்துமுறை கத்தினால், ஒன்பதுமுறை கேட்காமல் இருக்கலாம் என்று அவனுக்குப் பாடம் நடத்துகிறாய். வரவில்லை என்றால் நீயே நடந்துபோய்ப் பிடி. வந்தால், எவ்வளவு தாமதமாக வந்தாலும், எந்தக் குறும்பை முடித்துவிட்டு வந்தாலும், திட்டாதே, அடிக்காதே. வந்ததற்குத்தான் அடி விழுந்தது என்று அது கணக்குப் போடும். தின்ன ஏதாவது நல்லதாகக் கொடு, தட்டிக்கொடு. இன்னொன்று, வீட்டுக்குப் போகும்போது மட்டும் கூப்பிடாதே. கூப்பிட்டால் விளையாட்டு முடிந்தது என்று புரிந்துகொண்டு பிறகு கிட்டேயே வரமாட்டான். நடுவில் பலமுறை கூப்பிட்டு, பரிசு கொடுத்து, மறுபடியும் போகவிடு. வருவதால் எதையும் இழப்பதில்லை என்று அவன் நம்பவேண்டும். மற்றதெல்லாம் பழக்கம்.

எதிரே ஆள் வருவதைக் கண்டால், அவர் ராஜாவைக் கவனிப்பதற்கு முன்பே நீ கூப்பிட்டு வாரை மாட்டிவிடு. பாதையின் ஓரம் ஒதுங்கி, அவருக்கும் நாய்க்கும் நடுவில் நீ நில். அதைக் கண்டதுமே பலருடைய முகம் மாறும், பார். எதிரே வருவது வாரில் கட்டிய நாய் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கட்டியிருக்கிற நாய்க்கு ஓடித் தப்ப வழியில்லை, அதனால் அது பாய்ந்து விரட்டப் பார்க்கும். அந்தச் சண்டையை ஆரம்பித்தது கட்டில்லாமல் போன உன் பிள்ளைதான். சிலர் வாரில் மஞ்சள் நாடா கட்டியிருப்பார்கள், கிட்டே வராதீர்கள் என்று பொருள். ஆனால் நாடா இல்லாத நாயிடம் போகலாம் என்று அர்த்தம் செய்துகொள்ளாதே. கேட்டுவிட்டுப் போ.

அதையும் மீறி ராஜா யாரிடமாவது ஓடிவிட்டால், தூரத்தில் நின்று சமாதானம் சொல்லாதே. போ, பிடி, வாரை மாட்டு, மன்னிப்புக் கேள், அடிபட்டதா என்று விசாரி. அவர் கத்தினால் கத்தட்டும். பயந்தவர் உடனே மரியாதையாகப் பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

பழகும்வரை நீண்ட வார் ஒன்று வாங்கிக்கொள். பத்து மீட்டர் போதும். அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டாதே. வேகமாக ஓடி முடிவில் வெட்டி இழுத்தால் கழுத்துக்குக் கேடு. மார்போடு போடுகிற பட்டையில் மாட்டு. கையில் சுற்றிக்கொள்ளவும் வேண்டாம், விரல் போய்விடும். பொத்தானை அழுத்தினால் கைப்பிடிக்குள் சுருண்டுகொள்கிற மெல்லிய கயிறு வகையைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்காதே. நாய் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கத்தான் அதில் பழகும், வழியில் போகிறவர் காலைச் சுற்றினால் தோலையும் அறுத்துவிடும்.

மழைக்காலம் முடிந்ததும் வருவதாக எழுதியிருந்தாயே, ராஜாவையும் கூட்டிக்கொண்டு வா. எங்கள் கொல்லைப்புறம் முழுக்க மதில் இருக்கிறது, கதவைச் சாத்திவிட்டால் அவன் இஷ்டத்துக்கு ஓடலாம். அந்த நேரம் இவரை மட்டும் உள்ளே நாற்காலியில் உட்கார்த்தி வைக்கவேண்டும், அது உன் பொறுப்பு. நான் சொன்னால் கேட்கமாட்டார். அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வசந்தா