கிரிப்போ பற்றி ராகவனுக்கு

அன்புள்ள ராகவனுக்கு,

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து நீ மீண்டும் வாசிக்கத் தொடங்கியிருப்பது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஹிட்லர் ஆட்சியில் கொலை, திருட்டு வழக்குகளை யார் விசாரித்தார்கள் என்று கேட்டிருந்தாய்.

கிரிப்போ எனப்பட்ட குற்றப் புலனாய்வுப் போலீஸ்தான். அது நாஜிகள் உண்டாக்கியது அன்று. பெர்லினில் எர்ன்ஸ்ட் கென்னாட் 1926இல் அமைத்த கொலை வழக்குப் பிரிவு, தட்டச்சுப் பொறியும் தடயக் கருவிகளும் ஏற்றிய தனிக் காரில் சம்பவ இடத்துக்குப் போகும். தடயங்களைப் பதிவு செய்து முடிக்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்பது அவர் வகுத்த விதி. இப்படிப் பழகிய அதிகாரிகளில் பலர் 1933க்குப் பிறகும் அதே பணியில் நீடித்தார்கள்.

மாறியது தலைமை. 1936 ஜூனில் நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர் ஜெர்மனியின் போலீஸ் முழுவதற்கும் தலைவராகி, கெஸ்டாப்போ என்ற ரகசியப் போலீஸையும் கிரிப்போவையும் இணைத்துத் தன் கீழிருந்த ஹைட்ரிக்கிடம் ஒப்படைத்தார். 1939 செப்டம்பரில் ஹைட்ரிக்கின் கீழ் பாதுகாப்புத் தலைமை அலுவலகம் உருவானபோது, கெஸ்டாப்போ அதன் 4ஆம் பிரிவாகவும், ஆர்தர் நேபே நடத்திய கிரிப்போ 5ஆம் பிரிவாகவும் ஆயின.

என்னை உறுத்துவது இந்த அமைப்பு மட்டுமல்ல, 1937 டிசம்பரில் வந்த ஆணை. முன்பு பலமுறை தண்டனை பெற்றவரைத் 'தொழில்முறைக் குற்றவாளி' என்றும், நிலையான வேலையோ வீடோ இல்லாதவரைச் 'சமூக விரோதி' என்றும் முத்திரை குத்தி, புதிய குற்றம் எதுவும் இல்லாமலே, நீதிபதி முன் நிறுத்தாமலே, வதைமுகாமுக்கு அனுப்ப அது கிரிப்போவுக்கு அதிகாரம் தந்தது. வழக்கு நாட்குறிப்பும் சாட்சியும் இல்லாமல் ஒருவனை உள்ளே தள்ளுவதை, குற்றவியல் வழக்கறிஞனாக வாழ்ந்த நீ எண்ணிப் பார். 1938 ஜூனில் கிரிப்போ நடத்திய நாடு தழுவிய கைது வேட்டையில் ஆயிரக்கணக்கானோர் முகாம்களுக்குப் போனார்கள். ஐரோப்பாவில் 'ஜிப்சிகள்' எனப்பட்ட சிந்தி, ரோமா மக்களைப் பதிவு செய்து வேட்டையாடிய மைய அலுவலகமும் கிரிப்போவுக்குள்தான் இருந்தது. நேபேயோ 1941இல் பெலாரஸில் யூதர்களைக் கொன்று குவித்த படைக்கே தலைமை தாங்கினார். 1944இல் ஹிட்லருக்கு எதிரான சதியில் சேர்ந்து, 1945இல் தூக்கிலிடப்பட்டார் என்பதற்காக அவரை மன்னிக்க என் மனம் ஒப்பவில்லை.

முகாமில் 'தொழில்முறைக் குற்றவாளி' என்பதற்குப் பச்சை முக்கோணமும் 'சமூக விரோதி' என்பதற்குக் கறுப்பு முக்கோணமும் தைத்த உடையோடு இருந்த அந்த மனிதர்களை, நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்களாக ஜெர்மன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது 2020 பிப்ரவரியில்தான். அவர்களில் பெரும்பாலோர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

அன்புடன்,
சுந்தரம்